டி.என்.ஏ. தரவு வங்கியின் சாவி யாரிடம்? பல்கலைக்கழக ஆய்வகங்கள் எதுவரை நுழையலாம்?

பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி மாதிரி எடுக்க ஒரு நிமிடம் போதும். அதிலிருந்து கிடைக்கும் எண்களோ அரசாங்கக் கணினியில் பல ஆண்டுகள் இருக்கக்கூடும். நம் நாட்டில் அந்த எண்களைக் காத்து வருவது மலேசியத் தடயவியல் டி.என்.ஏ. தரவு வங்கி. 2009ஆம் ஆண்டு டி.என்.ஏ. அடையாளச் சட்டத்தின் கீழ் (சட்டம் 699) அமைந்தது அது. அச்சட்டம் 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

இப்படிப்பட்ட வங்கி பல நாடுகளில் உண்டு. வங்கி உள்ள இடங்களில் எழும் கேள்வியும் ஒன்றுதான். அதற்குள் யார் நுழையலாம்? காவல் துறையும் அரசு ஆய்வகமும் மட்டுமா? தடயவியலைக் கற்பிக்கும், ஆராயும் பல்கலைக்கழகங்களுக்கும் இடம் உண்டா? இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போய் நெடுநாள் விவாதிக்கப்பட்ட நாடு அமெரிக்கா. அங்கு நடந்ததை முதலில் பார்ப்போம். பிறகு நம் சட்டத்துக்கு வருவோம்.

ஒரு சொல் விளக்கம். நம் செய்திகளில் 'மரபணு' என்ற சொல் டி.என்.ஏ.வுக்கும் ஜீனுக்கும் பொதுவாகப் புழங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல. குழப்பம் நேராதிருக்க இக்கட்டுரையில் டி.என்.ஏ. என்றே எழுதுகிறோம்.

வங்கியில் இருப்பது என்ன?

ஒருவரின் முழு டி.என்.ஏ.வும் வங்கியில் பதிவாவதில்லை. டி.என்.ஏ. இழையில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு அது 12 முறை வரலாம். இன்னொருவருக்கு 15 முறை. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். பல இடங்களில் இப்படி எண்ணி எழுதினால் வரும் எண் வரிசையே ஒருவரின் டி.என்.ஏ. விவரக்குறிப்பு.

அமெரிக்காவில் 1998 முதல் இதற்கு 13 இடங்கள் பயன்பட்டன. 2017 ஜனவரி 1 முதல் அவை 20 ஆயின. அந்நாட்டு வங்கியின் கணினி முறைக்குக் 'கோடிஸ்' என்று பெயர். எஃப்.பி.ஐ. அதை நடத்துகிறது. குற்றவாளிகள், கைதானவர்கள் என 2 கோடிக்கும் மேற்பட்ட விவரக்குறிப்புகள் அதில் உள்ளன. தேசிய வங்கியில் பெயரோ பிறந்த தேதியோ கிடையாது. எண் வரிசை, மாதிரியின் அடையாள எண், அனுப்பிய ஆய்வகத்தின் குறியீடு, சோதித்த பணியாளரின் குறிப்பு ஆகியவையே இருக்கும். பொருத்தம் கிடைத்தால் இரண்டு ஆய்வகங்களும் ஒன்றோடொன்று பேசி உறுதி செய்துகொள்ளும். ஆளின் பெயர் அதற்குப் பின்னரே வெளிவரும்.

சட்டம் திறந்து வைத்த நான்கு வழிகள்

அமெரிக்க நாடாளுமன்றம் 1994இல் இயற்றிய டி.என்.ஏ. அடையாளச் சட்டம் தேசிய வங்கிக்கு அடித்தளம் இட்டது. வங்கித் தகவலை யாருக்குத் தரலாம் என்பதற்கு அச்சட்டம் நான்கு வழிகளைச் சொல்கிறது. முதலாவது, குற்றவியல் நீதி அமைப்புகளுக்கு, ஆள் அடையாளத்துக்காக. இரண்டாவது, நீதிமன்ற நடவடிக்கைக்கு. மூன்றாவது, குற்றம் சாட்டப்பட்டவரின் தற்காப்புக்கு, அவர் வழக்கு தொடர்பான மாதிரியும் சோதனையும் குறித்து. நான்காவது, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, மக்கள்தொகைப் புள்ளிவிவரத்துக்கும் அடையாள ஆராய்ச்சிக்கும் தரக் கட்டுப்பாட்டுக்கும்.

பல்கலைக்கழகங்களைப் பற்றிய விவாதம் முழுவதும் முதல் வழிக்கும் நான்காம் வழிக்கும் இடையில் நடக்கிறது. முதல் வழியில் பல்கலைக்கழக ஆய்வகம் அரசுக்கு வேலை செய்யும் கை. நான்காம் வழியில் அது அரசின் கணக்கைச் சரிபார்க்கும் கண். கைக்கு ஓரளவு கதவு திறந்திருக்கிறது. கண்ணுக்குத்தான் இன்னும் திறக்கவில்லை.

முதல் வழியும் எளிதானதல்ல. ஒரு பல்கலைக்கழகமோ தனியார் ஆய்வகமோ காவல் துறைக்காக மாதிரிகளைச் சோதிக்கலாம். ஆனால் முடிவைத் தானே தேசிய வங்கியில் ஏற்ற முடியாது. வங்கியில் பங்கேற்கும் ஓர் அரசு ஆய்வகம் அந்த முடிவைப் பார்த்துச் சரிபார்த்து, அதற்குப் பொறுப்பேற்று ஏற்ற வேண்டும். பங்கேற்கும் ஆய்வகத்துக்கு அங்கீகாரச் சான்று வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியார் தணிக்கை நடக்க வேண்டும். சோதிப்பவர்கள் ஆண்டுக்கு இருமுறை திறன் தேர்வு எழுத வேண்டும்.

டெக்சாஸ்: எலும்புகளுக்குப் பெயர் தேடும் பல்கலைக்கழகம்

இந்த வரம்பைத் தாண்டி உள்ளே சென்ற சில பல்கலைக்கழக ஆய்வகங்களில் ஒன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் உள்ளது. வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மனித அடையாள மையம் என்பது அதன் பெயர். காணாமல் போனவர்களுக்கான டி.என்.ஏ. வங்கி ஒன்றை அமைக்க டெக்சாஸ் சட்டமன்றம் 2001இல் சட்டம் இயற்றி, அந்தப் பொறுப்பை இப்பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. சட்டமே பொறுப்பைக் கொடுத்ததால் தேசிய வங்கியின் கதவும் அதற்குத் திறந்தது.

அங்கு நடக்கும் வேலை இதுதான். எங்கோ ஓர் எலும்புக்கூடு கிடைக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. பிள்ளையைத் தேடும் தாய் இன்னோர் ஊரில் இருக்கிறார். எலும்பிலிருந்து ஒரு விவரக்குறிப்பும் தாயின் கன்னத்திலிருந்து ஒரு விவரக்குறிப்பும் எடுத்து ஒப்பிடுகிறார்கள். பழைய எலும்பில் வழக்கமான டி.என்.ஏ. சிதைந்திருக்கும். அப்போது தாய்வழியில் மட்டும் இறங்கி வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. கைகொடுக்கும். குடும்பத்தாரிடம் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. காணாமல் போனவரைத் தேடிக் குடும்பத்தார் தரும் மாதிரியை, அடையாளம் தெரியாத உடல்களோடும் காணாமல் போனோர் பதிவோடும் மட்டுமே ஒப்பிடுவார்கள். குற்றம் நடந்த இடங்களில் எடுத்த தடயங்களோடு ஒப்பிடுவதில்லை. பிள்ளையைத் தேடி வந்த தாயின் எச்சில் அவருடைய இன்னொரு மகனுக்கு எதிரான ஆதாரமாகிவிடக் கூடாது என்பதே காரணம்.

அதே டெக்சாஸில் இந்த ஏற்பாட்டின் எல்லையும் தெரிகிறது. தெற்கே புரூக்ஸ் மாவட்டத்தில் ஃபல்ஃபுரியாஸ் என்ற சிற்றூர் உண்டு. மெக்சிகோ எல்லையிலிருந்து வடக்கே சுமார் 110 கிலோமீட்டர். அங்குள்ள சோதனைச் சாவடியைத் தவிர்க்க, பிழைப்புத் தேடி வருபவர்கள் பண்ணை நிலங்கள் வழியே நடக்கிறார்கள். வெயிலிலும் தாகத்திலும் பலர் இறக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த உடல்கள் உள்ளூர் மயானத்தில் புதைக்கப்பட்டன. 2013 முதல் பல்கலைக்கழக மானிடவியலாளர்கள் அவற்றைத் தோண்டி எடுத்து அடையாளம் தேடத் தொடங்கினர். சான் மார்கோஸ் நகரிலுள்ள டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது.

எலும்பின் மாதிரி முறைப்படி தேசிய வங்கிக்குள் போய்விடும். சிக்கல் குடும்பத்தார் பக்கம். அவர்கள் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், மெக்சிகோ நாடுகளில் இருக்கிறார்கள். குடும்ப மாதிரி சட்ட அமலாக்க அமைப்பின் வழியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது தேசிய வங்கியின் விதி. அங்கங்கே தொண்டு அமைப்புகள் நேர்மையாகவும் முறையாகவும் எடுத்த மாதிரிகள் அந்த விதியால் வெளியே நின்றுவிடுகின்றன. அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் உறவினர்களில் ஆவணம் இல்லாதவர்கள் காவல் நிலையத்துக்குப் போகப் பயப்படுகிறார்கள். எலும்பு ஒரு வங்கியில், தாயின் எச்சில் இன்னொரு வங்கியில். இரண்டும் சந்திக்காதவரை மகனுக்குப் பெயரில்லை.

ஹியூஸ்டன்: வெளியிலிருந்து பார்த்த ஒரு பேராசிரியர்

இனி இரண்டாவது பங்கு, சரிபார்க்கும் கண். அது ஏன் தேவை என்பதை அதே டெக்சாஸின் ஹியூஸ்டன் நகரம் காட்டியது.

அந்நகரக் காவல் துறைக்குச் சொந்தமாக ஒரு குற்றவியல் ஆய்வகம் இருந்தது. 1998இல் நடந்த ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் 16 வயது இளைஞர் கைதானார். அவருடைய டி.என்.ஏ. தடயத்தோடு பொருந்துகிறது என்றும், 694,000 பேரில் ஒருவருக்கே அப்படிப் பொருந்தும் என்றும் ஆய்வக அறிக்கை கூறியது. 1999இல் அவருக்கு 25 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

2002இல் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் அந்த ஆய்வகத்தின் அறிக்கைகளையும் சாட்சியங்களையும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியர் வில்லியம் தாம்சனிடம் அனுப்பினர். சோதனை செய்த முறையிலும் கணக்கிட்ட முறையிலும் பெரும் பிழைகள் இருப்பதை அவர் கண்டார். தொடர்ந்து நடந்த தணிக்கையில், கூரை ஒழுகித் தடயப் பொருள்கள் நனைந்தது உள்பட பல குறைகள் வெளிவந்தன. 2002 டிசம்பரில் அந்த ஆய்வகத்தின் டி.என்.ஏ. பிரிவு மூடப்பட்டது. மறுசோதனையில் அந்த இளைஞரின் டி.என்.ஏ. தடயத்தோடு பொருந்தவே இல்லை என்று தெரிந்தது. 2003 மார்ச் மாதம் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். 2006இல் தேசிய வங்கியில் தேடியபோது அதே தடயம் வேறொருவரோடு பொருந்தியது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்த ஒரு வழக்கிலேயே இரண்டு பாடங்களும் இருக்கின்றன. உண்மைக் குற்றவாளியைக் காட்டியது தரவு வங்கி. நிரபராதியைக் காட்டிக்கொடுத்த பிழையைக் கண்டது வெளியார் ஒருவரின் கண்.

அரிசோனா: 122 ஜோடிகள்

ஹியூஸ்டனில் பிழை ஓர் ஆய்வகத்தினுடையது. அரிசோனா மாநிலத்தில் எழுந்த கேள்வி வங்கி முழுவதற்கும் உரியது.

2001இல் அம்மாநில ஆய்வகத்தின் பணியாளர் ஒருவர் தற்செயலாக ஒன்றைக் கவனித்தார். இரண்டு குற்றவாளிகளின் விவரக்குறிப்புகள் 13 இடங்களில் 9இல் ஒத்திருந்தன. இருவரும் உறவினர் அல்லர். ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பினத்தவர். எஃப்.பி.ஐ.யின் கணக்குப்படி உறவற்ற இருவர் இப்படி ஒத்துப்போகும் வாய்ப்பு 113 பில்லியனில் ஒன்று என்ற அளவுக்கு அரிது.

2005இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் அரிசோனா வங்கியிலிருந்த 65,493 விவரக்குறிப்புகளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. 9 இடங்களில் ஒத்த ஜோடிகள் 122. 10 இடங்களில் ஒத்தவை 20. 11 இடங்களிலும் 12 இடங்களிலும் ஒத்தவை தலா ஒரு ஜோடி. இந்த இரு ஜோடிகளும் உடன்பிறந்தவர்கள். இத்தகைய தேடலை எஃப்.பி.ஐ. விரும்பவில்லை, தடுக்கவும் முயன்றது. இருந்தும் நீதிமன்றங்கள் வழிவிட, இல்லினாய்ஸ் மாநிலத்தில் சுமார் 220,000 விவரக்குறிப்புகளில் 903 ஜோடிகளும், மேரிலாந்தில் 30,000க்கும் குறைவானவற்றில் 32 ஜோடிகளும் 9 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் ஒத்திருப்பது தெரிந்தது.

அப்படியானால் டி.என்.ஏ. சோதனையே பொய்யா? அவசரப்பட வேண்டாம். ஒரு வகுப்பில் 23 மாணவர்கள் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல். காரணம், 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 ஜோடிகள் வரும். 65,493 பேரைச் சேர்த்தால் 214 கோடி ஜோடிகள். அதோடு 13 இடங்களில் 9ஐத் தேர்ந்தெடுக்க 715 வழிகள் உண்டு. இவ்வளவு வாய்ப்புகளில் சில ஜோடிகள் ஒத்துப்போவது இயல்பே என்பது பல புள்ளியியலாளர்களின் கருத்து. குறிப்பிட்ட ஒருவரை ஒரு தடயத்தோடு ஒப்பிடுவது வேறு கணக்கு.

'இயல்பே' என்று சொன்னவர்களும் கேட்டவர்களும் ஒன்றில் உடன்பட்டனர். சரியாக எவ்வளவு இயல்பு என்று அறிய வேண்டுமானால் தேசிய வங்கியின் எண்களைப் பார்த்தாக வேண்டும். 2009 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில், ஒஹாயோ மாநிலத்தின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கிரேனும் பல நாட்டு அறிவியலாளர்களும் சட்டப் பேராசிரியர்களுமாகச் சுமார் 40 பேர் ஒரு திறந்த கடிதம் எழுதினர். பெயர் நீக்கிய விவரக்குறிப்புகளை ஆராய்ச்சிக்குத் தாருங்கள். சட்டத்தின் நான்காம் வழி அதற்காகத்தானே இருக்கிறது என்று கேட்டனர். எஃப்.பி.ஐ. அந்தரங்கப் பாதுகாப்பைக் காரணம் காட்டியது. கதவு திறக்கவில்லை.

2015இல் எஃப்.பி.ஐ.யே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தான் 1999 முதல் வெளியிட்ட மக்கள்தொகை அட்டவணைகளில் பிழைகள் இருந்தன என்றது. எழுதும்போது நேர்ந்த தவறும் பழைய தொழில்நுட்பத்தின் குறையும் காரணங்கள். விளைவு சிறியதே என்றும் கூறித் திருத்திய அட்டவணையைத் தந்தது. நாடெங்கும் நீதிமன்றங்களில் சொல்லப்பட்ட எண்களுக்கு அடிப்படையாக இருந்த அட்டவணை அது. சிறிய பிழைதான். அது வெளிவர 16 ஆண்டுகள் ஆயின.

மறுபக்க நியாயம்

கதவை மூடி வைப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்பது முழு உண்மையல்ல. 2013இல் அமெரிக்காவின் வைட்ஹெட் ஆய்வு நிலைய அறிவியலாளர்கள், பெயரில்லாமல் ஆராய்ச்சிக்குத் தரப்பட்ட டி.என்.ஏ. தகவலிலிருந்து ஏறக்குறைய 50 பேரை அடையாளம் கண்டு காட்டினர். தந்தைவழி டி.என்.ஏ.வை வம்சாவளி இணையத்தளங்களில் உள்ள குடும்பப் பெயர்களோடு பொருத்தியே அதைச் செய்தனர். குற்றவாளியின் எண்கள் வெளியே போனால் அவருடைய பிள்ளைகள், சகோதரர்கள் ஆகியோரின் எண்களிலும் பாதி வெளியே போனதுபோல்தான். அவர்கள் யாரும் குற்றம் செய்தவர்கள் அல்லர்.

இதற்கு நடுவழிகள் உண்டு. எண்களை வெளியே அனுப்பாமல் ஆய்வாளரை உள்ளே அழைத்து, காவலுள்ள கணினியில் வேலை செய்ய விடலாம். 'எத்தனை ஜோடிகள் ஒத்திருக்கின்றன?' என்ற கேள்விக்கு எண்ணிக்கையை மட்டும் பதிலாகத் தரலாம். அரிசோனாவில் நீதிமன்றம் பெற்றதும் அவ்வளவே. 122 என்ற எண்ணால் எவருடைய அந்தரங்கமும் கெடவில்லை.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் 699இன் கீழ் நம் வங்கியில் ஏழு பிரிவுகள் உள்ளன: குற்றம் நடந்த இடத்துத் தடயங்கள், சந்தேக நபர்கள், தண்டனை பெற்றவர்கள், தடுப்புக் காவலில் உள்ளவர்கள், போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள், காணாமல் போனவர்கள், தாமாக முன்வந்து மாதிரி தந்தவர்கள். வங்கியின் தலைவர் காவல் துறை அதிகாரி. டி.என்.ஏ. பகுப்பாய்வில் நெடுங்காலமாக முன்னிற்பது மலேசிய இரசாயனத் துறை. குற்றப் புலனாய்வில் ஆளை அடையாளம் காண்பது, பேரிடரில் இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் அடையாளம் காண்பது ஆகிய நோக்கங்களுக்காக வங்கி இயங்குகிறது. தகவலை அனுமதியின்றி வெளியிடுவது குற்றம்.

நம் நாட்டிலும் தடயவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கிளந்தான், குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகமும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் அத்துறையில் பட்டப்படிப்பு நடத்துகின்றன. அங்கே படித்துத் தேறிய நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் தரவு வங்கியின் சாவி காவல் துறையிடம் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய பிரிவு 24. டி.என்.ஏ. அடையாளம் குறித்து வங்கியின் தகவல் நீதிமன்றத்தில் முடிவான சான்றாக ஏற்கப்படும் என்கிறது அது. 'இந்தத் தடயம் இவருடையது' என்ற அளவுக்குத்தான் இது பொருந்தும். 'இவர்தான் குற்றவாளி' என்று அது சொல்லிவிடாது. ஒருவர் வேறு நியாயமான காரணத்துக்காக அந்த இடத்தில் இருந்திருக்கலாம். இருந்தாலும், ஒரு சான்றை முடிவானது என்று சட்டம் சொல்லும்போது, அது பிழையற்றது என்று வெளியார் ஒருவர் சரிபார்த்திருப்பது மேலும் தேவையாகிறது. ஹியூஸ்டன் ஆய்வக அறிக்கையும் ஒருகாலத்தில் முடிவானதாகத்தான் தெரிந்தது.

நம் சமூகத்துக்கு இதில் என்ன?

'இத்தனை கோடியில் ஒருவருக்கே பொருந்தும்' என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் மக்களிடையே எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற அட்டவணையிலிருந்து வருகிறது. பத்தில் ஒருவருக்கு இருப்பது ஓர் இடம், பத்தில் ஒருவருக்கு இருப்பது இன்னோர் இடம் என்றால், இரண்டும் சேர்ந்திருப்பது நூறில் ஒருவருக்கு. இப்படி 13 இடங்களையும் பெருக்குவார்கள். அட்டவணையில் பத்தில் ஒன்று என்று இருப்பது நம் மக்களிடையே உண்மையில் ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம்தான். 13 இடத்திலும் அப்படியிருந்தால் இறுதி எண் 8,192 மடங்கு மாறிவிடும்.

ஆகவே ஒவ்வொரு சமூகத்துக்கும் தனி அட்டவணை வேண்டும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்தாருக்கும் 15 இடங்களுக்கான அட்டவணையை மலேசிய ஆய்வாளர்கள் 2003இல் ஓர் அனைத்துலகத் தடயவியல் இதழில் வெளியிட்டனர். நல்ல பணி அது. எனினும் 'இந்தியர்' என்ற ஒரே பெட்டிக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் எல்லாரும் அடங்குகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரே தோட்டத்தில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்து, அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். உறவு நெருங்க நெருங்க டி.என்.ஏ. எண்களும் ஒத்துப்போகும். உடன்பிறந்த இருவருக்கு ஓர் இடத்தின் இரு எண்களும் பெற்றோரிடமிருந்து ஒன்றுபோலவே வந்து சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதைச் சரிக்கட்ட ஒரு திருத்தக் கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 1996இல் வெளியிட்ட அறிக்கை, பொது மக்கள்தொகைக்கு 0.01 என்றும் தனித்து வாழும் சிறு சமூகங்களுக்கு 0.03 என்றும் அந்தத் திருத்த அளவைப் பரிந்துரைத்தது. நம் தோட்டப்புறச் சமூகத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பது நம் பல்கலைக்கழகங்கள் எடுத்துச் செய்யத்தக்க ஆய்வு. அதற்குத் தேவையானது எண்ணிக்கை. எவருடைய பெயரும் வேண்டியதில்லை.

காணாமல் போனோர் விஷயத்தில் டெக்சாஸ் நமக்குத் தொலைவு அல்ல. 2015 மே மாதம் பெர்லிஸ் மாநிலத்தின் வாங் கெலியான் காட்டில் 139 புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மனிதக் கடத்தல்காரர்களின் கையில் இறந்த அவர்களின் உறவினர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். ஃபல்ஃபுரியாஸ் மயானத்தின் சிக்கல் இங்கும் அதேதான். எலும்பு கிடைத்தால் மட்டும் போதாது. உறவினரின் மாதிரியும் அதனுடன் வந்து சேர வேண்டும்.

தெரிந்து வைத்துக்கொள்ள

• சட்டம் 699 மாதிரிகளை இரண்டாகப் பிரிக்கிறது. கன்னத்தின் உட்புறத் தடவல், தலைமுடி போன்றவை ஒரு வகை. இரத்தம் போன்ற அந்தரங்க மாதிரிகள் இன்னொரு வகை. இவற்றுக்கு உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். என்ன எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

• சந்தேக நபராக மாதிரி எடுக்கப்பட்டவர்மீது ஓராண்டுக்குள் குற்றச்சாட்டு இல்லையென்றால், அல்லது குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டால், அல்லது நீதிமன்றம் விடுவித்தால், அவருடைய விவரக்குறிப்பை வங்கியிலிருந்து நீக்கச் சட்டம் வழி செய்கிறது. வழக்கு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாமல், நீக்கப்பட்டதா என்று வழக்கறிஞர் மூலம் எழுதிக் கேளுங்கள்.

• குடும்பத்தில் ஒருவர் காணாமல் போய் நெடுநாள் ஆகியிருந்தால், காவல் துறைப் புகாரோடு நிறுத்திவிட வேண்டாம். காணாமல் போனோர் பிரிவுக்கு உறவினர் மாதிரி தர இயலுமா என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். தாய், தந்தை, பிள்ளைகளின் மாதிரியே அதிகம் பயன்படும்.

• டி.என்.ஏ. சான்று உள்ள வழக்கில் தற்காப்பு வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்விகள்: எத்தனை இடங்கள் பொருந்தின? தடயத்தில் ஒருவரின் டி.என்.ஏ. மட்டும் இருந்ததா, பலருடையது கலந்திருந்ததா? எந்தச் சமூகத்தின் அட்டவணை பயன்பட்டது? உறவுத் திருத்தம் செய்யப்பட்டதா? மாதிரி யார் யார் கைமாறி ஆய்வகம் சேர்ந்தது? ஆய்வகத்தின் மூலப் பதிவுகளை வேறொரு நிபுணர் பார்க்க முடியுமா?

• கைதானவுடன் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத மலேசியர்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். மலாயில் அதன் பெயர் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு அதன் வழக்கறிஞர்கள் உதவுவார்கள்.

• தடயவியல் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். அறிவியலோடு புள்ளியியலையும் நன்றாகப் படியுங்கள். ஹியூஸ்டனிலும் அரிசோனாவிலும் எழுந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கணக்குக் கேள்விகள். அவற்றை நம் நாட்டில் கேட்கவும் விடை காணவும் ஆள் வேண்டும்.